தண்ணீர்த் தட்டும் சுவர்ப் பொந்தும்: வீட்டுப் பறவைகள் பற்றிய கேள்வி பதில்

சேலம்: கோடை முழுவதும் மொட்டைமாடியில் தண்ணீர் வைக்கிறேன். காகத்தைத் தவிர எதுவும் வருவதில்லை. என்ன தவறு, அம்மா?

பதில்: எந்தப் பாத்திரத்தில் வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆழமான சட்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன். காகம் விளிம்பில் நின்று குனிந்து குடித்துவிடும். சின்னப் பறவைக்குத் தண்ணீருக்குள் கால் ஊன்ற வேண்டும். அகலமான மண் தட்டு எடுத்து, இரண்டு விரல் உயரத்துக்கு மேல் நீர் ஊற்றாதீர்கள். நடுவில் ஓர் ஓட்டுத் துண்டைப் போடுங்கள். மொட்டைமாடியின் நட்டநடுவில் வேண்டாம். வைரி என்ற வேட்டைப்பறவை மேலே வட்டமிடும்போது ஓடி ஒளிய இடம் இல்லாவிட்டால் எந்தச் சிறு பறவையும் இறங்காது. செடிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் பூனை பதுங்கும் அளவுக்குப் புதர் நெருங்கியிருக்கக் கூடாது.

எங்கள் கொல்லையில் மாதுளைச் செடியிலிருந்து நாலடி தள்ளித் தட்டு இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குத் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வரும். முதலில் ஒன்று மட்டும் ஓட்டுத் துண்டில் இறங்கி, வயிற்றை நீரில் அழுத்தி, இறக்கையைச் சிலுப்பும். மற்றவை கிளையில் நெருக்கியடித்துக்கொண்டு முறை பார்த்திருக்கும். நனைந்தது மேலே ஏறியதும் பக்கத்தில் இருப்பது அதன் கழுத்து இறகைக் கோதிவிடும். அதன் பிறகுதான் அடுத்தது இறங்கும்.

தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். பாசி பிடித்த தட்டு ஒரு பறவையின் நோயைப் பத்துப் பறவைக்குக் கொடுக்கும். கொசுவும் அதில்தான் முட்டையிடும்.

திண்டுக்கல்: தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை இருந்தால் போதும். இடம் இருந்தால் கல்யாண முருங்கை ஒரு கிளை நடுங்கள். இலை உதிர்ந்து சிவப்பாகப் பூக்கும் மாதங்களில் தேன்சிட்டு, மைனா, காகம் எல்லாம் அந்த ஒரே மரத்தில் இருக்கும். தேன்சிட்டு தேனோடு சிலந்தியையும் பூச்சியையும் தின்னும். ஆகவே செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள்.

கடலூர்: எங்கள் வீட்டில் பாடும் குயில் பெண் குயிலா?

பதில்: ஆண். கறுப்பாக, கண் சிவப்பாக இருக்கும். பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் கிக்கிக் என்ற கீச்சொலிதான்.

மதுரை: என்ன தானியம் போடலாம்? சோறு போடலாமா? மிக்சர் போடலாமா?

பதில்: கம்பு, தினை, அரிசி நொய். ஒரு கைப்பிடி, காலையில் ஒரு முறை, அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அளவு மட்டும். சோறு என்றால் உப்பு இல்லாமல், மிஞ்சாமல். மிக்சர், பிஸ்கட், காரம் எதுவும் கூடாது. அறுவடைக் காலத்தில் நெற்கதிர்க் கொத்து கிடைத்தால் வாசல் உத்தரத்தில் தொங்கவிடுங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான். குருவி தலைகீழாகத் தொங்கி ஒவ்வொரு மணியாக உரித்துத் தின்பதை ஈசிசேரில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

தானியத்தைவிட மரம் பெரிது. வேம்பு, அத்தி, கறிவேப்பிலை. கறிவேப்பிலை மரத்தைக் கழித்துக்கொண்டே இராமல் பழுக்க விட்டால் கொண்டைக்குருவியும் குயிலும் தாமே வந்து சேரும்.

விருதுநகர்: பறவைகளுக்கு என்ன தீனி போடுவது?

பதில்: மதுரை வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை: செல்போன் கோபுரங்களால்தான் சிட்டுக்குருவி அழிந்தது. எங்கள் தெருவில் கோபுரம் வந்த அடுத்த வருடமே குருவி போய்விட்டது. இதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

பதில்: அதற்கு உறுதியான சான்று இல்லை என்பதால்தான். நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த கணக்குகளை வைத்து 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, அதற்கு முந்தைய 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நாட்டளவில் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்கிறது. பெருநகரங்களில் குறைந்திருக்கிறது.

கோவை (மீண்டும்): அறிக்கை எழுதியவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்களா? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நாமக்கல்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் கோபுரத்துக்கு நேர் கீழே மளிகைக் கடைகள். கடை வாசலில் குருவிகள் காலில் இடறுகின்றன.

கோவை: ஒரு கடையை வைத்து முடிவு கட்ட முடியாது.

பதில்: ஒரு தெருவை வைத்தும் முடியாது, ஐயா. உங்கள் தெருவில் குருவி போனது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அது துக்கம்தான். ஆனால் கோபுரம் வந்த அதே சில வருடங்களில் தெருவில் வேறு என்னவெல்லாம் மாறியது? ஓட்டு வீடுகள் இடிந்து கான்கிரீட் வந்திருக்கும். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து போயிருக்கும். முற்றத்தில் நெல்லும் உளுந்தும் காயவைத்தது நின்றிருக்கும். மளிகைக் கடையில் வாய் திறந்த சாக்குமூட்டைகள் போய்ப் பொட்டலங்கள் தொங்கும். கிணற்றடி மண்ணுக்கு சிமென்ட் பூசியிருப்பீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பூச்சி. தாய்க்குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கோ முதல் நாள்களில் புழுவும் பூச்சியும்தான் உணவு. ஒரு சித்திரையில் எங்கள் மின்மீட்டர் பெட்டிக்கு மேல் ஒரு ஜோடி கூடு வைத்தது. பெண் குருவி பச்சைப் புழுவை அலகில் குறுக்காகக் கவ்வி வரும். ஒயரில் ஒரு கணம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்க்கும். பிறகு உள்ளே நுழையும். உள்ளே கீச்சொலி எழும்பி அடங்கும். ஒரு மணி நேரம் எண்ணினேன், 14 முறை வந்தது. அந்தப் புழு எங்கள் அவரைப் பந்தலிலிருந்து வந்தது. பந்தல் இல்லாத தெருவில் தாய்க்குருவி எங்கே போகும்?

இன்னொன்றும் சொல்கிறேன். லண்டனில் கென்சிங்டன் தோட்டம் என்ற பூங்காவில் 1925-ல் சிட்டுக்குருவிகளை எண்ணினார்கள்: 2603. அதே பூங்காவில் 1948-ல் 885. 1975-ல் 544. அப்போது செல்போன் ஏது? குதிரை வண்டிகள் போனதோடு குதிரைக்குப் போட்ட தானியமும், சாணத்தில் உண்டான பூச்சியும் தெருவைவிட்டுப் போனது அங்கே சொல்லப்படும் முக்கியமான காரணம். நம் ஊரிலும் அப்படி ஏதோ ஒன்று தெருவைவிட்டுப் போயிருக்கிறது. அதைத் தேடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கோவை: அப்படியானால் கோபுரத்தை ஒன்றும் சொல்லக் கூடாதா?

பதில்: சொல்லுங்கள். ஆனால் கோபுரத்தைத் திட்டி முடித்த பிறகும் உங்கள் சுவரில் பொந்து இருக்காது. பொந்து செய்வது உங்கள் கையில் இருக்கிறது. இதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: குருவிப் பெட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. ஒன்றும் குடியேறவில்லை.

பதில்: துவாரம் ஒன்றேகால் அங்குலம் இருக்கட்டும். பெரிதாக இருந்தால் மைனா புகுந்துவிடும். பத்தடி உயரம், மழைச் சாரலும் மேற்கு வெயிலும் படாத சுவர். வாசலில் உட்காரும் குச்சி வைக்காதீர்கள், அது காகத்துக்குத்தான் உதவும். மின்விசிறி இருக்கும் அறைக்குள் மட்டும் வைக்கவே வேண்டாம். சுழலும் இறக்கையில் அடிபட்டு விழுந்த குருவியைக் கையில் எடுத்தவள் நான். இத்தனையும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், அக்கம்பக்கத்தில் குருவியே இல்லை என்று பொருள். அவை கூட்டமாக வாழ்பவை, ஆளில்லாத பேட்டைக்குத் தனியாக வராது. முதலில் அருகில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

திருப்பூர்: பெட்டி வைத்தும் குருவி வரவில்லை, ஏன்?

பதில்: ஈரோட்டுக்கு எழுதியதுதான். கேட்பதற்கு முன் மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

புதுக்கோட்டை: கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று தினமும் என் பைக் கண்ணாடியைக் கொத்துகிறது.

பதில்: குண்டுகரிச்சான். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்துச் சண்டையிடுகிறது. கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டுங்கள்.

சென்னை: பால்கனியில் தினம் புறாவுக்கு மக்காச்சோளம் போடுகிறோம். புண்ணியம் என்கிறார் மாமியார்.

பதில்: நிறுத்துங்கள். புறாவுக்கு நகரத்தில் உணவுப் பஞ்சம் இல்லை. காய்ந்த எச்சத்தின் தூசியை நாள்பட மூச்சில் இழுத்தால் சிலருக்கு நுரையீரலே கெட்டுப்போகும். மாமியாரிடம் தண்ணீர்த் தட்டைக் கொடுங்கள். அதுவும் புண்ணியம்தான். தினமும் கழுவ வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தேனி: பச்சைக்கிளிக் குஞ்சு கிடைத்திருக்கிறது. வளர்க்க என்ன கூண்டு வாங்கலாம்?

பதில்: எந்தக் கூண்டும் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

கரூர்: கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்க்காதாமே?

பதில்: சேர்த்துக்கொள்ளும். இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால் மெதுவாக எடுத்துக் கூட்டில் வையுங்கள். இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது. நாயும் பூனையும் அண்டாமல் ஒரு புதரில் விட்டுத் தள்ளி நில்லுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

பெரம்பலூர்: வீட்டுப் பறவைகள் பழகிவிட்டன. இனி எங்கே போகலாம்?

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரி. 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் விடியும் முன் கரையில் நில்லுங்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் காணலாம். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 இருநோக்கி (பைனாகுலர்) போதும். பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஏரியின் பட்டியலையும் சேருங்கள்.

காரைக்குடி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன், அத்தை. எங்கள் வீட்டுக் கொடிக் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டுகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், கண்ணா. அது சிலந்தி நூலால் கட்டுகிறது. நாரும் பட்டைத் துணுக்கும் ஒட்டிக் குப்பைபோலத் தொங்கும், அதுதான் அதன் மறைவு. பக்கவாட்டு வாசலுக்கு மேல் சின்னக் கூரை நீட்டியிருக்கும், பார். பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். கைவிளக்கு அடித்துப் பார்க்காதே, பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதே. ஜன்னலுக்குள் இருந்து பார்த்து, எத்தனை மணிக்கு எது வந்தது என்று நோட்டில் எழுது. ஒரு மாதம் துணியை மாடியில் காயப்போடச் சொல்லி அம்மாவிடம் கேள். குஞ்சு பறந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்பு.