எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 68-க்கு இறங்கிவிட்டது, அப்பாவின் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். 68 என்பது அந்த மாத்திரை செய்த வேலை. விட்டால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்த உங்கள் அப்பாவுக்கு அட்டார்வாஸ்டேட்டின் என்ற இந்த ஸ்டேட்டின் வகை மாத்திரையைக் கொடுப்பது அடுத்த மாரடைப்பைத் தடுக்கத்தான்.

இரத்தக் குழாய் செல்களின் முதுமையை அது தடுக்கும் என்று நீங்கள் படித்தது பொய்யல்ல. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்து வளர்த்த உட்சுவர் செல்களில் ஸ்டேட்டின், குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. பெருகுவதை நிறுத்திய மூத்த செல்கள் சாயமிட்டால் நீலமாகத் தெரியும். அவை குறைந்ததையும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் மருந்தளவு கூடினால் அதே ஆய்வகத் தட்டில் செல்கள் சாகவும் செய்கின்றன. அதை வைத்து 72 வயது மனிதரின் குழாய் இளமையாகும் என்று சொல்ல முடியாது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எழுதிய கெண்டைக்கால் வலிதான். மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகு இரண்டு காலிலும் வந்ததென்றால் தசைப் பாதிப்பாக இருக்கலாம். தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் சிகே என்ற நொதியை அளக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அண்மையில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களா என்றும் பழைய மருந்துச் சீட்டைப் பாருங்கள், அது இரத்தத்தில் ஸ்டேட்டினை ஏற்றிவிடும். நடந்தால் வலித்து நின்றால் தணிகிறதா? அப்படியானால் கால் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.