பீன்ஸ் பூ உதிர்கிறதா? பிரஷ்ஷை ஓரமாக வையுங்கள்

கேள்வி: வீட்டுக்குள், ஜன்னல் பக்கம் நான்கு தொட்டிகளில் பீன்ஸ் வைத்திருக்கிறேன். ஏழு வாரம் ஆகிறது. செடி மெலிந்து நெட்டையாக வளர்ந்திருக்கிறது. பூ வருகிறது, ஆனால் இரண்டு மூன்று நாளில் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் தேனீ வராது, அதனால் கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும் என்று சொல்லி, விதை விற்றவர் ஒரு பிரஷ்ஷும் பூ டானிக்கும் கொடுத்தார். ஒரு வாரமாகச் செய்கிறேன், ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. எங்கே தப்பு?

பதில்: தப்பு உங்கள் கையில் இல்லை. பிரஷ்ஷை ஓரமாக வையுங்கள், டானிக்கைக் கொட்டிவிடுங்கள்.

நாளைக்கு விரியப்போகிற மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே அடியிதழ் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். சூலகமும் மகரந்தப் பைகளும் அந்தச் சுருளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. பூ விரியும் நேரத்துக்குள் அதற்குள்ளேயே சேர்க்கை முடிந்துவிடுகிறது. நீங்கள் பிரஷ்ஷோடு போய் நிற்கும்போது அங்கே செய்வதற்கு வேலையே இல்லை. காம்பு ஒடிந்து இன்னும் நாலு பூ விழும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரன்னர் பீன்ஸ் என்று ஓர் இனம் இருக்கிறது, பெரும்பாலும் சிவப்புப் பூ பூக்கும். அதற்குப் பூச்சி வந்து பூவின் மேல் உட்கார்ந்து அழுத்தினால்தான் காய் பிடிக்கும். வீட்டுக்குள் என்றால் பக்க இதழ்களை நாம்தான் விரலால் கீழே அழுத்திவிட வேண்டும். பூ நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வெள்ளைப் பூ ரன்னரும் இருக்கிறது. முளைத்த நாளை நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டு தடித்த பருப்புகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்ததா? அப்படியென்றால் சாதாரண பீன்ஸ். ரன்னர், பருப்புகளை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் மேலே அனுப்பும். நினைவில்லையா? இன்னொரு விதையை ஊன்றிப் பாருங்கள், ஒரு வாரம் பத்து நாளில் தெரிந்துவிடும். ரன்னர் என்று தெரிந்தால் மேலே சொன்னதை மறந்துவிட்டு விரலால் அழுத்துங்கள்.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். மெலிந்து நெட்டையாகப் போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதில்தான் இருக்கிறது: வெளிச்சம் போதவில்லை. பூக்கும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது, காயை வளர்க்கத் தெம்பு இல்லை, அதனால் செடி பூவை உதிர்க்கிறது. பீன்ஸுக்குத் தினமும் 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நம் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத்தான் தெரியும், கண்ணை நம்பக் கூடாது. மதியம் செடியின் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதற்கு ஓரடி மேலே கையை வையுங்கள். விரல் விரலாக விளிம்பு தெரியும்படி நிழல் விழுந்தால் பரவாயில்லை. மங்கலான திட்டாக விழுந்தால் அந்த இடத்தில் காய் வராது. அங்கே கீரைதான் வரும்.

அப்போது விளக்கு வேண்டும். விளக்கு என்றதும் அதை விற்கிற ஆள் வந்துவிடுவார். பெட்டியில் பெரிதாக ‘1000 வாட்’ என்று போட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், உண்மையில் இழுக்கும் மின்சாரம் 100 வாட் என்று இருக்கும். அந்த 1000, ஏதோ பழைய விளக்குக்கு ‘நிகர்’ என்று அவர்களாகப் போட்டுக்கொண்ட எண். இப்படி அச்சடிப்பதை யாரும் தடுப்பதாகத் தெரியவில்லை. உண்மையான மின்செலவை மட்டும் பாருங்கள்: இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு 100 வாட் அளவில் எல்இடி இருந்தால் போதும். சாதாரண வெள்ளை வெளிச்சமே நல்லது. ஊதா விளக்கில் செடி வளரும், ஆனால் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி கூடு கட்டுவது உங்களுக்குத் தெரியாது. உச்சி இலையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுங்கள். இலை வெளிறினால் கொஞ்சம் உயர்த்துங்கள்.

டானிக் பாட்டிலில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. தழைச்சத்து மிகுந்த சரக்காக இருந்தால் இலை தழைக்கும், காய் இன்னும் தள்ளிப்போகும். நடும்போது மண்கலவையில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்திருந்தால் பீன்ஸுக்கு அது போதும்.

அறை 32 டிகிரியைத் தாண்டிச் சூடானாலும், மண் ஒரு நாள் காய்ந்து மறுநாள் சேறாக இருந்தாலும் பூ உதிரும். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும். கூழாங்கல் அடுக்கு வேண்டாம், அது தண்ணீரை வடிக்காது, வேருக்கு இருக்கும் இடத்தைத்தான் குறைக்கும்.

இப்போதிருக்கும் செடிகளை விளக்குக்குக் கீழே வைத்து இரண்டு வாரம் பாருங்கள். புது மொட்டு உதிராமல் நின்றுவிட்டால், பூ விரிந்து இரண்டு வாரத்துக்குள் காய் பறிக்கலாம். நிற்கவில்லை என்றால் தயங்காமல் வெட்டிவிட்டுப் புதிதாக ஊன்றுங்கள். குத்துச்செடி வகையாகப் பார்த்து வாங்குங்கள், 50 முதல் 60 நாளில் காய்க்கும், எட்டு பத்து அங்குல ஆழத் தொட்டி போதும். குத்துச்செடியா, கொடியா என்று பாக்கெட்டில் எழுதவில்லை என்றால் வாங்காதீர்கள். ‘குத்துச்செடி’ என்று கடைக்காரர் வாய்ச்சொல்லாகச் சொல்லிக் கொடுத்த விதை ஒருமுறை என் வீட்டுத் திரைச்சீலைக் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டது. விதையை ஊற வைக்காமல், ஓர் அங்குல ஆழத்தில் நேராக அதே தொட்டியில் போடுங்கள். பீன்ஸ் இடம் மாற்றி நடுவதைத் தாங்காது.