போலந்து வீட்டு நலெவ்கா: கேட்டவையும் பதில்களும்

நலெவ்காவும் ஷ்லிவோவீட்சாவும் ஒன்றுதானே?

இல்லை. பழத்தை ஸ்பிரிட்டில் (குடிக்கத் தகுந்த சுத்தமான ஆல்கஹாலில்) ஊறவைத்தால் நலெவ்கா. ப்ளம் பழத்தை நொதிக்கவிட்டுக் காய்ச்சி வடித்தால் ஷ்லிவோவீட்சா. தெற்கே வோன்ட்ஸ்கோ ஊர்ச் சரக்கு பேர்போனது, ஆல்கஹால் 70 சதவீதம் வரை ஏறும். வீட்டில் காய்ச்சி வடிப்பது போலந்தில் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கிய ஸ்பிரிட்டில் பழம் ஊறப்போட்டு வீட்டில் குடிப்பதற்குத் தடையில்லை.

96 சதவீத ஸ்பிரிட்டை அப்படியே ஊற்றலாமா?

வேண்டாம். அவ்வளவு கடுமையான ஸ்பிரிட் பட்டால் பழத்தின் சதை இறுகிவிடும், சாறு சரியாக இறங்காது. அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்குக் கால் லிட்டர் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 65 சதவீதத்துக்கு வரும், அது போதும். நாலு முதல் ஆறு வாரம் ஊறட்டும். அப்புறம் ஸ்பிரிட்டை வடித்து எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய பழத்தின்மேல் சர்க்கரையைக் கொட்டிச் சில நாள் விடுங்கள். பழம் குடித்திருந்ததெல்லாம் பாகாக வெளியே வந்துவிடும். இரண்டையும் கலந்து, பாட்டிலில் அடைத்து, இருட்டில் வையுங்கள். பலர் அவசரப்பட்டு முதல் வடியலோடு நிறுத்திவிடுகிறார்கள், பாதி ருசி பழத்தோடு குப்பைக்குப் போகிறது.

பெயர்களே குழப்புகின்றன, எப்படி நினைவில் வைப்பது?

பழத்தின் பெயரைப் பிடித்தால் போதும், பின்னால் 'ஊஃப்கா' ஒட்டிக்கொள்ளும். புளிப்புச் செர்ரி விஷ்ன்யா, அதில் செய்தது விஷ்ன்யூஃப்கா. சீமை மாதுளை என்கிற பிக்வாவில் பிக்வூஃப்கா. தென்கிழக்கே பொட்கர்பாச்சியே பக்கம் டெரென்யூஃப்கா, அங்கே விளையும் டெரென் என்ற சிவந்த புளிப்புப் பழத்தில் செய்வது. எனக்குக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் உசத்தி. இந்த வரிசையில் சேராதது ரதாஃபியா: கோடை முழுக்க எந்தப் பழம் வருகிறதோ அதை ஒரே ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டே போவார்கள். தத்ரா மலையடிவாரத்து லிட்வோரூஃப்காவில் பழமே கிடையாது, அது ஒரு மலைச்செடியின் வேரில் செய்வது.

பச்சை வால்நட் எப்போது பறிக்க வேண்டும்?

ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டி. ஒரு ஊசியைக் குத்திப் பாருங்கள், மறுபக்கம் வரை தடையில்லாமல் போக வேண்டும். நடுவில் முட்டினால் ஓடு கட்டத் தொடங்கிவிட்டது, இனி அந்த வருஷம் ஓஜெஹூஃப்கா, அதாவது வால்நட் நலெவ்கா, இல்லை. நறுக்கும்போது கையுறை போடுங்கள், கறை நாள்கணக்கில் போகாது.

செர்ரிக் கொட்டையை எடுக்க வேண்டுமா?

பெரும்பாலானதை எடுத்துவிடுங்கள். பாதாம் வாசனைக்காகச் சிலர் ஒரு கைப்பிடிப் பழத்தைக் கொட்டையோடு விடுவார்கள், அது சரி. ஆனால் கொட்டையை உடைக்கவே கூடாது, உள்ளிருக்கும் பருப்பிலிருந்து சயனைடு உண்டாகும். கொட்டையோடு போட்டதை மாதக்கணக்கில் ஊறவிடவும் வேண்டாம், ஆறு வாரத்தில் வடித்துவிடுங்கள்.