மறுமையா, மறுபிறப்பா, மறுவாழ்வா?

கேள்வி: மொழிபெயர்ப்பு ஒன்றில் 'ஆஃப்டர்லைஃப்' (இறப்புக்குப் பிந்தைய வாழ்வு) வந்த இடமெல்லாம் 'மறுவாழ்வு' என்று போட்டேன். பொருந்தவில்லை என்கிறார்கள். எது சரி?
*கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்*

பொருந்தாதுதான். போதை மறுவாழ்வு மையம் என்கிறோம். உங்கள் பக்கத்துப் பவானிசாகர் முகாமும் 2021 முதல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆகிவிட்டது. அந்தச் சொல்லைக் கண்டதும் படிப்பவர் மனம் உயிரோடு இருப்பவர்களிடம்தான் போகும்.

பொதுவாக 'மறுமை' என்றே எழுதுங்கள். புறநானூறு 134இல் புலவர் முடமோசியார், வள்ளல் ஆய் அண்டிரன் 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்' என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும், அறத்தை விலைபேசும் 'அறவிலை வணிகன்' அல்லன் என்கிறார். குறுந்தொகை 49இல் தலைவி, 'இம்மை மாறி மறுமை ஆயினும் நீயாகியர் என் கணவனை' என்கிறாள். அங்கே அது அடுத்த பிறவி. மேலுலகம், அடுத்த பிறவி இரண்டுக்கும் இடம் கொடுக்கிற சொல் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். இஸ்லாமியரிடம் இன்றும் அன்றாடம் புழங்குகிறது.

மூலம் எந்த நம்பிக்கையைப் பேசுகிறது என்று தெரிந்தால் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பழைய எகிப்தியர் கல்லறையில் உணவும் நகையும் வைத்தது இறந்தவர் போய் வாழும் இடத்துக்காக. 'மறு உலகம்' என்க. 'மறுபிறப்பு' என்றால் அவர்கள் நம்பாததை அவர்கள் தலையில் கட்டியதாகும். கிறித்தவ நூலில் 'நிலைவாழ்வு' (கத்தோலிக்கர்), 'நித்திய ஜீவன்' (சீர்திருத்த சபையார்) உண்டு. ஆனால் இவை மீட்படைந்தோர் பெறும் பேறு மட்டுமே. நரகத்தையும் சேர்த்துப் பேசும் பத்தியில் இவற்றைப் போட்டால் பொருளே புரண்டுவிடும். அங்கே 'இறப்புக்குப் பிந்தைய நிலை' என்று விரித்து எழுதுவதே நல்லது.

கேள்வி: பேரூரில் இறந்தால் மோட்சம் என்கிறார்களே, அதுவும் மறுமைதானா?
*வாசகர், தொண்டாமுத்தூர்*

இல்லை. மறுமையில் பிறவி தொடரலாம். மோட்சம் என்னும் வீடுபேற்றில் பிறவியே அற்றுப்போகிறது. 'சிறப்பு ஈனும் செல்வமும் ஈனும்' என்ற 31ஆம் குறளுக்குப் பரிமேலழகர் சிறப்பை வீடுபேறு என்றும், செல்வத்தைத் துறக்கம் (சொர்க்கம்) முதலியன என்றும் பிரித்தே உரை சொன்னார். பேரூர் ஐதீகமும் வீடுபேற்றின் பக்கம்தான். அந்தத் தலத்துப் புளியமரமான பிறவாப் புளியின் கொட்டை மறுபடி முளைக்காது; உயிர் பிரியும்போது வலக்காதில் ஈசனே ஐந்தெழுத்து ஓதுகிறார் என்பது நம்பிக்கை. அந்தப் புளியைப் பற்றி எழுதும்போது 'மறுமைப் பயன்' என்றால் தல மகிமையே கெட்டுவிடும். 'முத்தி' அல்லது 'வீடுபேறு' என்று எழுதுங்கள்.

கேள்வி: 'துணியின் ஆஃப்டர்லைஃப்' என்று ஒரு தலைப்பு. தமிழில்?
*பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்*

இங்கே மறுமை வேண்டாம். கட்டிங் வேஸ்ட்டை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓபன் எண்ட் மில்லில் திரும்ப நூலாக்குவதைச் சொல்கிறார்கள் என்றால் 'மறுசுழற்சி'. உடுத்திக் கழித்த துணி குப்பைமேட்டில் என்ன ஆகிறது என்றால் 'கழித்த துணி எங்கே போகிறது?' என்று கேள்வியாகவே தலைப்பு வையுங்கள்.