பொல்தாவா 1709: கேள்வி பதில்

இன்றைய உக்ரைனில் உள்ள பொல்தாவா ஊருக்கு வெளியே, ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸின் படையை ரஷ்யாவின் ஜார் பீட்டர் முறியடித்த சண்டை இது. வந்த கேள்விகளில் சில.

கேள்வி: ஒரு புத்தகத்தில் ஜூன் 27, இன்னொன்றில் ஜூன் 28, வேறொன்றில் ஜூலை 8. எது சரி சார்?

பதில்: மூன்றும் சரி! ரஷ்யாவில் ஜூலியன் நாட்காட்டி, இன்று நம்மிடம் இருப்பது கிரிகோரியன். இடையில் 11 நாள். ஸ்வீடனோ 1700இல் லீப் நாளைத் தவிர்த்து மாறத் தொடங்கிவிட்டு, அப்புறம் அந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டது. அதனால் ஒரு நாள் தள்ளி, யாரோடும் சேராமல் நின்றது.

கேள்வி: 1700இல் நார்வா கோட்டையருகே தன்னைவிடப் பல மடங்கு பெரிய ரஷ்யப் படையை விரட்டியவர் சார்லஸ். இங்கே அவரைத் தோற்கடித்தது குளிர்தானே?

பதில்: முந்தைய குளிர்காலம் கொடூரமானது, ஆட்கள் விறைத்துச் செத்தார்கள். ஆனால் சண்டை நடந்தது நல்ல கோடையில். என்னைக் கேட்டால், 1708 இலையுதிர்காலத்தில் லெஸ்னயாவில் ஸ்வீடன் தளபதி லேவன்ஹாப்ட்டின் வண்டித் தொடரை இழந்த அன்றே பாதி தோல்வி முடிந்துவிட்டது. உணவும் வெடிமருந்தும் அதில்தான் வந்துகொண்டிருந்தன. பொல்தாவாவில் ஸ்வீடன் சண்டைக்குக் கொண்டுவந்த பீரங்கிகள் வெறும் நான்கு.

கேள்வி: மீதிப் பாதி?

பதில்: வாய் திறந்து பேசாதது. சில நாள் முன்பு காலில் குண்டு பாய்ந்து சார்லஸ் தூக்குக்கட்டிலில் கிடந்தார். பொறுப்பு தளபதி ரேன்ஷெல்டிடம் போனது. அவருக்கும் காலாட்படைத் தலைவர் லேவன்ஹாப்ட்டுக்கும் ஆகாது. பீட்டர் காடுகளுக்கு இடையே ஆறு மண் அரண்களை வரிசையாகவும், நான்கை முன்னோக்கி நீட்டியும் கட்டியிருந்தார். இருட்டிலேயே அவற்றைக் கடந்து ஓடிவிட வேண்டும் என்பது திட்டம். குதிரைப்படை வரத் தாமதமாகி விடிந்துவிட்டது. திட்டமே சரியாகத் தெரியாத தளபதி ரோஸ், மூன்றாவது அரணைப் பிடித்தே தீருவேன் என்று மோதி மோதி ஆட்களை இழந்து, கடைசியில் சரணடைந்தார். முன்னே போனவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் பீட்டர் நிதானமாகப் பாசறையை விட்டு வெளியே வந்து அணிவகுத்தார். கடைசி முன்னேற்றத்தில் சுமார் 4,000 ஸ்வீடன் காலாட்கள், எதிரே பல மடங்கு பேர். அப்படியும் ஓர் இடத்தில் ரஷ்ய முன்வரிசையைப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

கேள்வி: உக்ரைனின் கோசாக் குதிரைவீரர்களின் தலைவர் மசெப்பா துரோகியா?

பதில்: பீட்டரை விட்டு சார்லஸ் பக்கம் போனவர். ரஷ்யத் திருச்சபை சபித்தது, உக்ரைன் 10 ஹ்ரிவ்னியா நோட்டில் அவர் படத்தைப் போட்டது. பதில் எந்தப் பக்கம் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: அன்றோடு போர் முடிந்ததா?

பதில்: இல்லை, 1721 வரை இழுத்தது. ஆனால் சில நாளிலேயே பெரெவலோச்னாவில், தினீப்பர் ஆற்றைக் கடக்க வழியில்லாமல் எஞ்சிய படையும் லேவன்ஹாப்ட்டுடன் சரணடைந்தது. சார்லஸ் ஒரு சிறு கூட்டத்தோடு ஒட்டோமான் எல்லைக்குள் தப்பினார். பொல்தாவாவைவிட இந்தச் சரணடைவில்தான் ஸ்வீடன் அதிகம் பேரை இழந்தது.

கேள்வி: பிடிபட்டவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: பலர் சைபீரியா போனார்கள். அவர்களில் ஸ்ட்ராலன்பெர்க் என்ற அதிகாரி, தொபோல்ஸ்கில் கைதியாக இருந்தபடியே அந்த நிலத்தை ஆராய்ந்து, ஊர் திரும்பி 1730இல் வரைபடத்தோடு புத்தகம் வெளியிட்டார். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் எல்லை யூரல் மலை என்று நாம் பள்ளியில் படித்தோமே, அதை அழுத்திச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.