வீட்டிலேயே ஒரு வாய் கொடுத்துப் பழக்கலாமா?

கேள்வி: என் கணவர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் மது குடிப்பார். சண்டை, சத்தம் எதுவும் கிடையாது. போன வாரம் எங்கள் 6 வயது மகள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ‘சியர்ஸ்’ சொல்லி விளையாடினாள். வெளியே போய்க் கெடாமலிருக்க, 13 வயது மகனுக்கு நம் கண்ணெதிரிலேயே ஒரு வாய் கொடுத்துப் பழக்கலாம் என்கிறார் கணவர். சரியா?

பதில்: வேண்டாம். வீட்டில் ருசி பார்த்தவன் வெளியே தேடமாட்டான் என்று பலரும் நல்லெண்ணத்தோடுதான் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை 12, 13 வயதிலிருந்து ஆறு ஆண்டுகள் கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரே மது கொடுத்ததால் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வேறு வழிகளிலும் மதுவைத் தேடிப் போவது அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர ஏறக்குறைய 25 வயதாகும். ‘அப்பாவே கொடுத்தார்’ என்பது பையனுக்கு நினைவிருக்கும். ‘ஒரு வாய்தான்’ என்பது மறந்துபோகும்.

மகளின் விளையாட்டைப் பார்த்துப் பதறாதீர்கள், திட்டவும் வேண்டாம். ஆனால் அவள் எல்லாவற்றையும் கவனிக்கிறாள். யார், எப்போது குடிப்பார்கள் என்பது பள்ளிக்குப் போகும் முன்பே பல குழந்தைகளுக்குப் பிடிபட்டுவிடுகிறது. நான் பார்த்தவரை, அப்பா எவ்வளவு குடித்தார் என்பதைவிட, ஏன் குடித்தார் என்பதுதான் பிள்ளைகள் மனதில் தங்குகிறது. ‘ஆபீஸில் ஒரே டென்ஷன், ஒரு பெக் போட்டால்தான் சரியாகும்’ என்று அவர் அலுத்துக்கொள்வது போதும். மனக்கஷ்டத்துக்கு இதுதான் மருந்து என்று பையன் குறித்துக்கொள்வான். அதே டென்ஷனை ஒரு நடை போய்வந்தோ, உங்களிடம் கொட்டியோ அவர் தணித்துக்கொள்வதையும் அவன் பார்க்கட்டும். அப்புறம், ‘ஐஸ் எடுத்து வா, கிளாஸைக் கழுவி வை’ என்று பிள்ளைகளை ஏவுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஒளித்துக் குடிப்பதிலும் பயனில்லை, வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். ‘நீங்க மட்டும் ஏன் குடிக்கிறீங்க?’ என்று மகன் கேட்டால், ‘எனக்கும் இது நல்லதில்லைதான், உன் வயதில் இன்னும் கெடுதல்’ என்று அவர் நேராகச் சொல்லலாம். உறவில் யாருக்காவது குடிநோய் இருந்தால் அதையும் சொல்லிவையுங்கள். அந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபுவழியில் வருவது.

இரண்டு நாள் என்பது நான்காகிறது, குடிக்காத நாளில் அவருக்கு எரிச்சல் வருகிறது என்றால் அது வேறு பேச்சு. அப்போது முதலில் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.