வெனிஸ் குடியரசின் போரும் பேரமும்: கேள்வி பதில்

கேள்வி: கடலாண்ட வெனிஸுக்குக் கிரேக்கக் கரையோரம் அத்தனை கோட்டைகள் எதற்கு?

பதில்: முதல் காரணம் குடிதண்ணீர். துடுப்புப் போர்க்கப்பல் ஒடுங்கலானது, தாழ்வானது. அதில் தண்டு வலிப்போர், வீரர், மாலுமிகள் என 200 பேராவது இருப்பார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் என்றாலே 10 நாளுக்கு 4,000 லிட்டர். அத்தனை பீப்பாய்க்கு இடமேது? சில நாளுக்கொரு முறை கரை தொட்டே ஆக வேண்டும். கோர்ஃபூ, மோதோன், கோரோன், கிரீட், சைப்ரஸ் என்ற வரிசை அதற்குத்தான். மோதோன், கோரோன் இரண்டையும் ‘குடியரசின் இரு கண்கள்’ என்பார்கள். 1500இல் இரண்டும் ஒட்டோமன் துருக்கியர் கைக்குப் போயின. பரப்பளவைப் பார்த்தால் சின்ன இழப்புதான். கிழக்கே போகும் கப்பலுக்கு அப்படியல்ல.

கேள்வி: 1509இல் இத்தாலியின் அக்னாடெல்லோவில் வெனிஸின் படை சிதறிய பிறகும் அது பிழைத்தது எப்படி?

பதில்: கூட்டணி சேர்ந்து எதிர்த்த பிரான்ஸ், புனித ரோமப் பேரரசர், போப் ஆகியோருக்குள் ஒற்றுமை இல்லை. இரண்டே மாதத்தில் பாதுவா நகரம் வெனிஸ் கைக்கு மீண்டது. பேரரசர் மாக்சிமிலியன் அதை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. போப் இரண்டாம் ஜூலியஸுக்கு வேண்டியவை வெனிஸ் பிடித்து வைத்திருந்த ரொமாஞா வட்டார நகரங்கள். அவை கிடைத்ததும் அவருடைய அச்சம் பிரான்ஸ் பக்கம் திரும்பியது. 1510 பிப்ரவரியில் வெனிஸை மன்னித்தார். 1513இல் வெனிஸோ அதே பிரான்ஸுடன் கைகோத்தது!

கேள்வி: உளவில் பேர்போன வெனிஸே ஏமாந்ததுண்டா?

பதில்: உண்டு, அதுவும் வசமாக. 1540இல் ஒட்டோமன்களிடம் சமாதானம் பேசப்போன தூதர் அல்விசே பதோயேரிடம் இரண்டு உத்தரவுகள் இருந்தன. ஒன்று வெளியே சொல்ல; மற்றொன்று, வேறு வழியில்லாவிட்டால் கிரேக்கத்தின் நௌப்லியா, மொனெம்வாசியா கோட்டைகளையும் விட்டுக்கொடுக்கலாம் என்ற ரகசிய எல்லை. பிரெஞ்சுத் தரப்பிடம் காசு வாங்கிய வெனிஸ் செயலர்கள் இதைக் கசியவிட, சேதி சுல்தானின் அமைச்சர்களை எட்டியது. எதிராளிக்கு நம் கடைசி விலை தெரிந்தபின் பேரம் ஏது? இரண்டு கோட்டைகளும் போயின, மேலே 3,00,000 டுகாட் பொற்காசும்.

கேள்வி: 1571இல் வெனிஸும் கூட்டாளிகளும் ஒட்டோமன்களை வென்ற லெபாண்டோ கடற்போரில், ஆறு கலியாஸ் (பீரங்கி ஏந்திய பெரிய துடுப்புக்) கப்பல்களும் சுட்டனவா?

பதில்: முன்னணிக்கு நேரத்தில் வந்தவை நான்கு. வலப்பக்கத்து இரண்டும் பின்தங்கிவிட்டன.

கேள்வி: அங்கே வென்றும் சைப்ரஸை ஒட்டோமன்களுக்குக் கொடுத்தது, ஸ்பெயின், போப் என்ற கூட்டாளிகளுக்குத் துரோகம்தானே?

பதில்: ஸ்பெயின் அப்படித்தான் திட்டியது. தேதிகளைப் பாருங்கள்: சைப்ரஸின் கடைசிக் கோட்டை ஃபமகுஸ்தா சரணடைந்தது 1571 ஆகஸ்ட், லெபாண்டோ அக்டோபர் 7. வெற்றிக்கு முன்பே தீவு போய்விட்டது. குளிர்காலத்திலேயே ஒட்டோமன்கள் புதுக் கப்பற்படை கட்டிவிட்டார்கள். 1572இல் கூட்டுப்படை கிளம்பியும் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பெயினின் கண் வட ஆப்பிரிக்காமேல். கிழக்கத்திய வணிகம் முடங்க முடங்க இழப்பு வெனிஸுக்கே. கான்ஸ்டான்டினோபிளில் வீட்டுக்காவலில் இருந்த தூதர் மார்க்கன்தோனியோ பார்பரோ, சாலமன் அஷ்கெனாசி என்ற யூத மருத்துவர் வழியாகத் ஒட்டோமன் தலைமை அமைச்சர் சொகொல்லுவுடன் பேசி, 1573 மார்ச் 7இல் ஒப்பந்தம் முடித்தார். சைப்ரஸும் 3,00,000 டுகாட்டும் விலை. கூட்டாளிகளிடம் முன்கூட்டியே சொல்லாதது உண்மை; சொல்லியிருந்தால் பேச்சு நின்றிருக்கும்.

கேள்வி: வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததுமே வெனிஸின் மிளகு வணிகம் படுத்துவிட்டதா?

பதில்: முதலில் சரிந்தது, பிறகு செங்கடல், அலெக்சாந்திரியா வழியாக 16ஆம் நூற்றாண்டின் நடுவில் தேறிக்கொண்டது. அதை முடித்துவைத்தவர்கள் டச்சுக்காரர்கள், 17ஆம் நூற்றாண்டில்.